வஹீதுக்குக் கேட் திறக்கவில்லை

பொன்மலர் அவென்யூவின் கேட் எல்லாருக்கும் திறந்தது. பால் வண்டிக்குத் திறந்தது. கேஸ் சிலிண்டருக்குத் திறந்தது. போத்தனூர்ப் பக்கமிருந்து வழி தவறி வந்த எருமை ஒன்று ஒருநாள் குறுக்குக் கம்பத்தின் முன்னால் நின்று தலையை ஆட்டியது. அதற்கும் திறந்தது. அப்துல் கையூமின் மகன் வஹீதுக்கு மட்டும் திறக்கவில்லை.

வஹீது எங்கிருந்தோ வந்தவன் அல்ல. அதே அவென்யூவில், நாலாம் தெருவில், அப்பா கட்டிய வீட்டில் வளர்ந்தவன். ப்ளஸ் டூ படிக்கிறான். மாலையில் டியூஷன் முடிந்து வந்தால் கேட்டுக்கு வெளியே நிற்பான். கம்பம் படுத்தபடியே இருக்கும். கையூமோ அம்மா உம்மல் குல்சுமோ நடந்து போய்க் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வர வேண்டும். தாடைக்குக் கீழே முடி முளைத்துவிட்ட பிள்ளையை அம்மா கையைப் பிடித்துக் கூட்டி வருவது இருவருக்கும் கூச்சமாக இருந்தது.

கையூம் காந்திபுரத்தில் ஒரு வெட் கிரைண்டர் ஷோரூமின் மேலாளர். 'அரைக்க மாட்டேங்குதுங்க' என்று கத்திக்கொண்டு வருகிறவர்களிடம் அவர் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. எப்போது அரைக்கிறது, எப்போது அரைக்கவில்லை, நடுவில் என்ன மாறியது என்று பொறுமையாகக் கேட்பார். உளுந்து ஊறிற்றா, கல் சரியாக உட்கார்ந்ததா, பெல்ட் தளர்ந்ததா? மாறியது எது என்று தெரிந்துவிட்டால் பழுது தெரிந்துவிடும். கேட்டையும் அவர் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். முதல் தவறு அங்கேதான் நடந்தது. அதை அவர் இயந்திரம் என்று நினைத்தார்.

கேட் வேலை செய்யும் விதம் இதுதான். கம்பத்தின் பக்கத்தில் ஒரு கேமரா. மனித முகம் எதிரே வந்து நின்றால் அதைப் படம் பிடித்துச் சங்க உறுப்பினர் எல்லாருடைய கைபேசிக்கும் அனுப்பும். படத்துக்குக் கீழே இரண்டு பொத்தான்கள். பச்சையை அழுத்தினால் 'தெரியும்'. சிவப்பை அழுத்தினால் 'தெரியாது'. வீட்டுக்கு ஒரு ஓட்டு. பச்சை அதிகமானால் கம்பம் எழும். சிவப்பு அதிகமானால் கம்பம் படுத்துக்கொள்ளும், படம் சந்தேகப் பட்டியலுக்குப் போகும். பட்டியல் வெள்ளிக்கிழமைதோறும் காவல் நிலையத்துக்குப் போகும். தொடர்ந்து மூன்று நாள் சிவப்பு விழாத முகம் தானாக அழிந்துவிடும். எருமைக்கு மனித முகம் இல்லாததால் ஓட்டெடுப்புக்கே தேவை எழவில்லை.

"ஜனநாயகமுங்க," என்பார் சங்கத் தலைவர் அரங்கசாமி. பீளமேட்டில் பவுண்டரி நடத்தி, அதை விற்று, அந்தச் சூட்டைச் சங்கத்துக்குக் கொண்டுவந்தவர். "நானே முடிவு பண்ணிப் போடலாம். ஆனா பண்றதில்லீங்க. எல்லாருமாச் சேர்ந்து ஒருத்தரைச் சந்தேகப்படறப்ப அதுல ஒரு அழகு இருக்குதுங்க."

கையூம் சோதனையைத் தொடங்கினார். முதலில் முகம். வஹீதுக்கு மழித்துவிட்டார்கள். 'அடையாளத்தை மாற்றுகிறான்' என்று சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் பதிவு வந்தது. மெதுவாக நடக்கச் சொன்னார். 'நோட்டம் பார்க்கிறான்.' வேகமாக நடக்கச் சொன்னார். 'எதையோ எடுத்துக்கொண்டு ஓடுகிறான்.' வெளியிலிருந்து உள்ளே ஓடுகிறவன் எதை எடுத்துக்கொண்டு ஓடுவான் என்று கையூம் குழுவில் கேட்டார். அதற்கு ஒருவர் கும்பிடும் கைகளின் படம் போட்டார். கையூம் மகனைத் தலையைக் குனிந்து வரச் சொன்னார். 'மறைக்கிறான்.' நிமிர்ந்து, கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வரச் சொன்னார். அன்றைக்குத்தான் சிவப்பு மிக அதிகம். சிரித்துக்கொண்டே வரும் பையனைப் பார்த்து இரண்டாம் தெருவில் ஒரு அம்மாளுக்குப் படபடப்பு வந்துவிட்டதாம்.

"பேரை மாத்திப் பாக்கறதுதானுங்க மிச்சம்," என்றாள் உம்மல் குல்சும்.

"கேமராவுக்குப் பேரெல்லாம் தெரியாது அம்மணி."

"கேமராவுக்குத் தெரியாதுங்க. அமுக்கறவங்களுக்குத் தெரியுமல்ல?"

கையூம் அதையும் சோதித்துவிட முடிவு செய்தார். எதிர்வீட்டு அப்புசாமி சங்கத்தின் செயலாளர். அன்னூரில் தோட்டம், இங்கே வீடு, இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய வெள்ளைக் கார். வஹீது தவழ்ந்த காலத்திலிருந்து பழக்கம். கையூம் நேரே போய்க் கேட்டார்.

"ஏனுங்க, வஹீதை உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"என்னங்க பாய் இப்படிக் கேட்டுப் போட்டீங்க? தங்கமான பையனாச்சுங்களே. என்ற மடியில வளந்தவன்."

"பின்ன ஏனுங்க சிவப்பை அமுக்கறீங்க?"

அப்புசாமி அக்கம்பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "தெரியும்னு அமுக்கிப் போட்டா, நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா நாமதானுங்க பொறுப்பு. தெரியாதுன்னா ஒரு தொந்தரவும் இல்லீங்க. உங்க பையன்னு இல்லீங்க, யாரா இருந்தாலும் நான் அப்படித்தான்."

"தலைவரோட பேரன் ரித்விக்கு?"

"அதெப்படிங்க? அந்தத் தம்பியைத் தெரியாம இருக்குமா?"

ரித்விக் வஹீதின் வயசு. லைசென்ஸ் எடுக்கும் வயது இன்னும் வரவில்லை. ஆனால் பைக் வந்துவிட்டது. அவன் பைக் மெயின் ரோட்டில் திரும்பும்போதே காவலாளி கம்பத்தைத் தூக்கிவிடுவார். இல்லாவிட்டால் கம்பத்தை மாற்ற வேண்டியிருக்கும். இரண்டு தடவை மாற்றியாயிற்று.

இவ்வளவு ஏற்பாடும் எதற்காக என்று சொல்ல வேண்டும். பொன்மலர் அவென்யூவில் திருட்டு நடந்துகொண்டிருந்தது. கார்களின் மூக்கில் பளபளவென்று இருக்குமே, கம்பெனிச் சின்னம், அதை யாரோ நெம்பிக் கழற்றிக்கொண்டு போனார்கள். அதற்கு ஒரு திருப்புளி போதும். சின்னத்துக்குப் பின்னால் இருப்பது வெறும் பிளாஸ்டிக் கொக்கிகள்தான். அப்புசாமியின் வெள்ளைக் கார் மூக்கறுபட்டு நின்றது. கையூமின் பழைய காரின் சின்னமும் போயிற்று. சங்கம் கொதித்தது. காவல் நிலையத்தில் புகார் கொடுத்தது. கேமரா வாங்கியது. அத்தோடு நிற்காமல், குற்றத்தின் வேர் வீட்டுக்குள் இருக்கிறது என்று கண்டுபிடித்து, 'பொறுப்புள்ள பெற்றோர் குழு' என்று ஒன்றை அமைத்தது. அதன் தலைவி அரங்கசாமியின் மனைவி ராமாமணி. ஞாயிற்றுக்கிழமை அக்குழு முன் ஆஜராகும்படி கையூமுக்குச் சொல்லி அனுப்பினார்கள். இந்த வாரச் சிவப்பில் வஹீதுதான் முதலிடம். இதுவரை பெயரில்லாத படம்தான் போயிற்று, வருகிற வெள்ளிக்கிழமை அவன் படம் பெயரோடு காவல் நிலையத்துக்குப் போகப் போகிறது.

கையூம் மனதுக்குள் கணக்குப் போட்டார். கல்லூரியில் சேரும் முன்பே ஸ்டேஷனில் பெயர் ஏறிவிட்டால், பிறகு ஊரில் எந்தப் பூட்டு உடைந்தாலும் முதலில் தட்டப்படுவது இந்த வீட்டுக் கதவுதான்.

"நாமளே ஸ்டேஷன்ல போய்ச் சொல்லிப் போட்டா?" என்றாள் குல்சும்.

"சொல்லலாம். அவங்க எழுதறதுக்கு முன்னாடி நாமளே போய்ப் பேரைக் குடுத்த மாதிரி இருக்கும்."

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் தலைவர் வீட்டு ஹாலில் நடந்தது. காபி வந்தது. வாழைக்காய் பஜ்ஜி வந்தது. அரங்கசாமி எழுந்தார்.

"குத்தம் பண்றது பசங்க இல்லீங்க. பெத்தவங்க. வளர்ப்பு சரியில்லாட்டி பசங்க என்னங்க பண்ணுவாங்க? என்ற பேரனையே எடுத்துக்கங்க. அவங்கப்பா அம்மா ரெண்டு பேரும் அமெரிக்காவுல. நாங்கதான் வளத்தறோம். ஒருநாள், ஒரே ஒருநாள், 'எங்கடா போறே, எங்கடா வாரே'ன்னு கேட்டிருப்பனா? கேட்டதில்லீங்க. அதுக்குப் பேருதான் நம்பிக்கை. ஆனா நம்ம அவென்யூவிலயே சில ஊடுக இருக்குது. பையன் எங்க போறான், எங்க வாரான்னு பெத்தவங்களுக்கே தெரியறதில்லீங்க. அதுக்குப் பேரு அலட்சியம்."

கை தட்டினார்கள். கையூமும் பாதி தட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

ராமாமணி பேசினார். அவர் பிள்ளை வளர்ப்பு பற்றி இணையத்தில் ஒரு பயிற்சி முடித்தவர். "பசங்களைக் கவனிங்க. தனியா உக்காந்து படிக்கறானா? அது நல்லதில்லீங்க, என்னமோ யோசிக்கறான்னு அர்த்தம். சாயங்காலம் நேரா ஊட்டுக்கு வந்துடறானா? அப்பக் கூட்டாளிங்க இல்லைன்னு அர்த்தம். கூட்டாளிங்க இல்லாத பையன்தானுங்க பின்னாடி தீவிரமாப் போறான். ஆரோக்கியமான பொழுதுபோக்கு வேணும். எங்க ரித்விக்கைப் பாருங்க, சேகரிக்கற பழக்கம்."

என்று சொல்லிச் சுவரைக் காட்டினார்.

சுவரில், சோபாவுக்கு மேலே, கருநீல வெல்வெட் ஒட்டிய ஒரு பெரிய பலகை. அதில் கார்ச் சின்னங்கள் வரிசையாகப் பளபளத்தன. சுற்றிலும் சின்ன விளக்குகள். கையூம் எழுந்து பக்கத்தில் போனார். மேல் வரிசையின் ஓரத்தில் இருந்ததை அவருக்குத் தெரியும். அதன் இடது விளிம்பில், ஒருமுறை ஸ்பானர் வழுக்கி அவர் கையாலேயே விழுந்த கீறல்.

"இது என்ற காரோடதுங்க," என்றார்.

"ஆமாங்களா?" ராமாமணிக்கு மகிழ்ச்சி பொங்கியது. "இந்த மாடல் இப்ப வர்றதே இல்லையாமுங்க. ரொம்ப நாளாத் தேடிட்டிருந்தான். ஒண்ணே ஒண்ணுதான் கெடைச்சுதாம்."

அப்புசாமியும் எழுந்து வந்து பார்த்தார். நடு வரிசையில் தன் வெள்ளைக் காரின் சின்னத்தைக் கண்டார். முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு சரியாயிற்று. "நடுவுல வெச்சிருக்காப்ல," என்றார். "மரியாதையாத்தான் வெச்சிருக்காப்ல."

கையூம் பலகையிலிருந்து திரும்பினார். பழுது கிடைத்துவிட்டது! கிரைண்டராக இருந்தால் இந்நேரம் மூடியை மாட்டிப் பில் போட்டிருப்பார். "அப்ப முடிஞ்சுதுங்களே," என்றார். "திருடு போனதெல்லாம் இங்கயே இருக்குது. வஹீது பேரை எடுத்துடலாமல்லங்க?"

பஜ்ஜியைக் கடித்தவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள்.

"கையூம் பாய்," என்றார் அரங்கசாமி, மிக அன்பாக. "சாமான்தானுங்க கெடைச்சிருக்குது. ஆள் கெடைக்கலையே."

"ரித்விக் தம்பிதானுங்களே..."

"அவன் சேகரிச்சானுங்க. திருடுனது யாருன்னுதானே புகாரு? ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துப் போட்டோம். வாபஸ் வாங்கினா சங்கத்துக்கு அசிங்கம். பேரில்லாமப் போனா, இவ்வளவு பெரிய சங்கம் ஒரு ஆளைக்கூடக் கண்டுபுடிக்கலையான்னு கேப்பாங்க. யாராச்சும் ஒருத்தர் பேரு வேணுமல்லங்க? நீங்களே சொல்லுங்க."

கையூமும் யோசித்துப் பார்த்தார்.

ராமாமணி விவாதத்தை வளர்ப்பின் பக்கம் திருப்பினார். இந்த விஷயத்தில் ஒரு பெற்றோரின் தவறு உண்மையிலேயே இருக்கிறது என்றார். எல்லாரும் நிமிர்ந்தார்கள். எங்கும் கிடைக்காத மாடல் காரை, வளரும் பிள்ளைகள் நடமாடும் தெருவில், கைக்கு எட்டும் உயரத்தில், மூக்கு வெளியே தெரியும்படி நிறுத்தி வைத்தது யார்? ஒரு குழந்தையின் மனதில் ஆசையைத் தூண்டியது யார்? கையூம் தன் காருக்குத் துணி போர்த்தி நிறுத்த வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. அப்புசாமி வழிமொழிந்தார். அவருடைய கார் இன்னும் பெரியது, இன்னும் உயரத்தில் மூக்கு உள்ளது. ஆனால் அது யாருக்கும் ஆசை காட்டியதாகக் கூட்டம் கருதவில்லை.

வெளியே வந்த கையூம் வீட்டுக்குப் போகவில்லை. கேட்டுக்குப் போனார். வேலை செய்யாத கிரைண்டரைப் பார்த்துப் பயனில்லை, வேலை செய்வதைப் பார்க்க வேண்டும் என்பது அவர் ஷோரூமில் புதிதாகச் சேர்பவர்களுக்குச் சொல்லும் பாடம். கேட் யாருக்குத் திறக்கவில்லை என்றே இத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்தார். யாருக்குத் திறக்கிறது என்று பார்க்கவே இல்லை. காவலாளியின் கூண்டுக்குப் பக்கத்தில் நின்றார்.

கார்கள் வந்தன. கண்ணாடியில் சங்க ஸ்டிக்கர் இருந்தது, கம்பம் எழுந்தது. ஒரு பெரியவர் நடந்து வந்தார். முகம் பிடிக்கப்பட்டது, கைபேசிகள் ஒலித்தன, பச்சை விழுந்தது. பிறகு ஹெல்மெட்டோடு ஒருவர் வந்தார். பச்சை டீ-சர்ட், முதுகில் சதுரப் பை. காவலாளி தலையை நிமிர்த்தாமலே மேசைக்கு அடியில் எதையோ அழுத்தினார். கம்பம் எழுந்தது. எந்தக் கைபேசியும் ஒலிக்கவில்லை.

"இவரு யாருங்க?" என்றார் கையூம்.

"யாருங்க?"

"இப்ப உள்ள போனாரே."

காவலாளி திரும்பிப் பார்த்தார். தெரு காலியாக இருந்தது. "ஓ, சோறுங்களா?" என்றார்.

பிறகு அவர் விளக்கினார். ஆரம்பத்தில் இவர்களுக்கும் ஓட்டெடுப்பு உண்டு. ஓட்டு எண்ணி முடிப்பதற்குள் நெய் ரோஸ்ட் ஆறிப் போயிற்று. சங்க வரலாற்றில் அத்தனை உறுப்பினரும் ஒருவர் விடாமல் வந்த பொதுக்குழு அந்த ஒன்றுதான். பையோடு வருகிறவர்களை முகம் பார்க்காமல் விடுவது என்று ஒருமனதாகத் தீர்மானித்துத் தனி பொத்தான் வைத்தார்கள். "தலைவரு அன்னிக்குக் கண் கலங்கிப் போனாருங்க," என்றார் காவலாளி. "முறுகலாத் திங்கறது மனுசனோட அடிப்படை உரிமைன்னாருங்க."

பெல்ட் தளர்ந்த இடம் கண்ணில் பட்டால் கையூமுக்கு எப்போதும் ஒரு சின்ன சந்தோஷம் வரும். அப்போதும் வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது.

மறுநாள் ஷோரூமுக்கு மதியச் சாப்பாடு கொண்டுவருபவரிடம் பேசி, அவருடைய பழைய பச்சை டீ-சர்ட் ஒன்றையும் ஹெல்மெட்டையும் பையையும் வாங்கினார். குல்சும் டீ-சர்ட்டை இரண்டு தண்ணீரில் அலசி, இஸ்திரி போட்டாள். மகன் பள்ளிக்கூடத்துக்கு முதன்முதலாகப் போன நாளில் சட்டைக்கு இஸ்திரி போட்டது போலவே காலரை மடித்து மடித்துப் போட்டாள்.

வஹீது அதைக் கையில் வாங்கிப் பார்த்தான்.

"அத்தா, இது நம்ம ஊடுதானுங்களே?"

"நம்ம ஊடுதான் கண்ணு."

"அப்ப நான் ஏன் இதைப் போட்டுட்டு வாரணும்?"

கையூமுக்கு எந்த இயந்திரத்தையும் எந்த ஆளுக்கும் புரியும்படி சொல்ல வரும். இதைச் சொல்ல வரவில்லை. "வெள்ளிக்கிழமை வரைக்கும் போட்டுக்க சாமி," என்றார்.

அன்று மாலை வஹீது சதுரப் பைக்குள் வேதியியல் புத்தகத்தையும் கணக்கு நோட்டையும் வைத்து, பச்சை டீ-சர்ட்டும் ஹெல்மெட்டுமாக டியூஷனிலிருந்து வந்தான். காவலாளி தலையை நிமிர்த்தவில்லை. கம்பம் எழுந்தது. இரண்டாம் தெரு முனையில் ராமாமணி நின்றிருந்தார். ஆறு வயதில் அவர் வீட்டுக் கொலுவில் சுண்டல் வாங்கித் தின்ற பையன் அவரைத் தாண்டிப் போனான்.

"தம்பி, சட்னி எச்சா வெச்சிருக்காங்களா?" என்று அவர் கேட்டார்.

"பாத்துச் சொல்றேனுங்க," என்றான் வஹீது.

வெள்ளிக்கிழமை பட்டியலில் வஹீது இல்லை. சிவப்பு விழாத அவன் முகத்தைக் கேட் தானாக அழித்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் கையூமை முன்னால் அழைத்தார்கள். அரங்கசாமி அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்.

"பாருங்க, ஒரே வாரம்! பெத்தவங்க மனசு வெச்சா முடியாதது இல்லீங்க. இந்தப் பையனை இப்பெல்லாம் யாராச்சும் பாத்தீங்களா? கண்ணுலயே படறதில்லீங்க. இதுக்குப் பேருதான் வளர்ப்பு. கையூம் பாய் மாதிரி எல்லாரும் இருந்துட்டா இந்த நாட்டுல ஸ்டேஷனே வேண்டாமுங்க."

கை தட்டினார்கள். வெல்வெட் பலகையில் ஒரு வரிசை கூடியிருந்தது.

படியிறங்கும்போது மௌனிகா கையூமை நிறுத்தினாள். ஐந்தாம் தெருவில் புதிதாக வாடகைக்கு வந்தவள். கணவன் இல்லை, ஒரே மகன், பாலிடெக்னிக்கில் படிக்கிறான். வீடு பார்க்க வந்த நாளிலேயே சொந்த ஊரில் எந்தத் தெரு என்று அவளை மூன்று பேர் கேட்டிருந்தார்கள். வஹீது இறங்கியதும் சிவப்பில் அவள் மகன் முதலிடத்துக்கு ஏறிவிட்டான்.

"அண்ணா, வெள்ளிக்கிழமை அவன் பேரு போயிடுமாமுங்க. நான் நல்லாத்தான் வளத்தியிருக்கறேன். உங்க பையனை எப்படிங்க சரி பண்ணுனீங்க?"

கையூம் தோளில் இருந்த பொன்னாடையை எடுத்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். ஷோரூமில் கிரைண்டரை ஓட்டிக் காட்டும்போது பேசுகிற அதே நிதானத்தில், அவளுக்குப் புரியும்படி ஒவ்வொன்றாகச் சொன்னார்:

"பச்சை டீ-சர்ட் போடணுமுங்க. முதுகுல சதுரப் பை. ஹெல்மெட்டைக் கழட்ட வேண்டாம். கேட்டுக்கு முன்னாடி நிக்காம வரணும், நின்னா கேமரா முகத்தைப் புடிச்சுக்கும். எந்த ஊட்டுக்குன்னு யாராச்சும் கேட்டா உங்க ஊட்டையே சொல்லலாமுங்க, தப்பில்லை. சோறு கொண்டாரான்னு நெனச்சுக்குவாங்க. தொறந்துடுமுங்க."